காரமில்லாத குழம்பு

“எனக்கு எப்போ காவி தருவீங்க, அம்மா?” என்று கேட்டாள் வஞ்சிக்கொடி.

ஆசிரமத் தலைவி குருவம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“என்ன அவசரம்?”

“அவரை மறந்துட்டேன். இனி எனக்குன்னு எதுவும் வேண்டாம்.”

அவர் என்றால் சிவநேசன். கல்லூரியில் கூடப் படித்தவன், அவள் முதன்முதலாக விரும்பியவன். படித்த காலம் முழுக்க அவனுக்கும் சேர்த்தே மதியச் சோறு கட்டிக்கொண்டு போனாள். படிப்பு முடிந்தது. அவன் வீட்டில் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவள் இந்த மலையடிவார ஆசிரமத்துக்கு வந்துவிட்டாள்.

“அழுகை வருதா?”

“வர்றதில்லை.”

“தூக்கம்?”

“படுத்தா தூங்கிடறேன்.”

“சரி. நாளைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசுவோம்.”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆசிரமத்தில் சமையல் அவள் பொறுப்பு. மறுநாள் கத்தரிக்காய்க் குழம்பும் புடலங்காய்க் கூட்டும் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

பந்தி உட்கார்ந்தது. குருவம்மா ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து இலையைப் பார்த்தார். தாண்டவ சாமியின் வலது கை இலையில் இருந்தது. இடது கை மடியில் எதையோ மூடிக்கொண்டிருந்தது.

“சாமி, கையில என்ன?”

“ஒண்ணுமில்லம்மா.”

“விரிங்க.”

பச்சை மிளகாய். பாதி கடித்தது.

“அவரை மட்டும் கேட்டா எப்படிம்மா?” என்றது ஒரு குரல். “எல்லார் மடியையும் பாருங்க.”

ஒவ்வொருவராக மிளகாயை எடுத்து வெளியே வைத்தார்கள். கடைசி இலைக்காரர் ஊறுகாய்ப் பொட்டலமே வைத்திருந்தார்.

வஞ்சிக்கொடி கரண்டியோடு நின்றாள். முகம் சிவந்துவிட்டது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சாமி!”

“நீ ஆசையாப் பரிமாறுற. எந்த வாயால சொல்றது?” என்றார் தாண்டவ சாமி. “ஆனாலும் தாயே, பல் முளைக்காத பிள்ளைக்கு ஆக்குற மாதிரியில்ல ஆக்குற!”

குருவம்மா பந்தியைச் சுற்றிப் பார்த்தார்.

“இங்க யாருக்காவது காரம் ஆகாதா?”

இல்லை என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

“பின்னே யாருக்கு ஆகாது?”

“அவருக்குத்தான்,” என்றாள் வஞ்சிக்கொடி சட்டென்று. “ஒரு மிளகாய் கூடிட்டாலும் வயித்தைப் பிடிச்சிட்டு உட்கார்ந்துடுவார்...”

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஊறுகாய்க்காரர்கூட இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

“அப்போ காவி கிடையாது,” என்றாள் மெதுவாக.

“உனக்கு எவ்வளவு காரம் வேணும்?” என்று கேட்டார் குருவம்மா.

அவள் யோசித்தாள். வீட்டில் அம்மா போட்டதைச் சாப்பிட்டாள். பிறகு அவனுக்கு ஒத்துக்கொண்டதைச் சாப்பிட்டாள்.

“தெரியலையே, அம்மா.”

குருவம்மா கை கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அவளும் பின்னால் போனாள்.

ஒரு சின்ன வாணலி. அதில் இரண்டு கரண்டிக் குழம்பு. குருவம்மா ஒரு மிளகாயைக் கீறிப் போட்டார். கொதித்ததும் சோற்றில் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

“சாப்பிடு.”

சாப்பிட்டாள். மூக்கில் நீர் வந்தது. காது சூடாகிவிட்டது.

“அதிகமா?”

வஞ்சிக்கொடி இன்னொரு வாய் சாப்பிட்டாள். நிதானமாக மென்றாள். பிறகு தட்டை நீட்டினாள்.

“பத்தலை, அம்மா. இன்னும் ஒண்ணு.”