நிற்க மறுத்த சர்வீஸ்

"மேடம், சாக மாட்டேங்குது!"

சூசைராஜ் ஓடி வந்திருந்தார். கையில் திறந்தபடியே லேப்டாப். பிரசவ ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பத்து மூன்று வயதில் லினக்ஸ் கற்றுக்கொள்ள வந்தவர்.

கற்றுக்கொடுக்கும் பல்கீஸுக்கு முப்பத்தொன்று. பேச்சைச் செலவழிக்க மனசே வராது.

"எது?"

"ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டை வாங்கி வைக்கிற சர்வீஸ், அந்த சர்வர் புரோகிராம். பத்து இருபதுக்கே நிறுத்தச் சொல்லிட்டேன். இன்னும் ஓடுது."

காலை மணி பத்து ஐம்பது. பதினொன்றுக்கு சர்வர் அறையில் கரண்ட் போய்விடும். யுபிஎஸ் பேட்டரி உப்பிக் கிடக்கிறது, அதை மாற்றத்தான் நிறுத்துகிறார்கள், தள்ளிப்போட வழியில்லை.

"ஒரே அடியா கில் பண்ணிடட்டுமா?"

"உள்ள என்ன இருக்கு?"

சூசைராஜ் லேப்டாப்பை மேஜையில் வைத்தார்.

"இன்னைக்கு எடுத்த நாப்பத்தாறு குழந்தைங்க ரிசல்ட். இன்னும் டிஸ்க்ல எழுதல. நிக்கும்போதுதான் எழுதும்."

கொன்றால் அத்தனையும் போச்சு. பிறந்து மூன்றே நாளான பிஞ்சுகளின் குதிகாலில் மறுபடியும் ஊசி. காலையில் அந்த அழுகையைக் கேட்டவர் அவர்.

"ஏன் நிக்கல?"

"பிடிவாதம் மேடம். வேற என்ன?"

பல்கீஸ் தன் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி தட்டினார்.

"புதுசா யாரையும் அது உள்ள விடல. உள்ள இருக்கிறவங்க கிளம்பட்டும்னு காத்திருக்கு. ஒருத்தர் இன்னும் கிளம்பல."

"எவன் அவன்? வார்டு, லேப் எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டேனே!"

பல்கீஸ் திரையை அவர் பக்கம் திருப்பினார். ஒரே ஒரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரி. கடைசி எண் பதினேழு.

சூசைராஜ் தன் லேப்டாப்பைப் பார்த்தார். மூலையில் ஒட்டியிருந்த முகவரிச் சீட்டில் கடைசி எண் பதினேழு.

அதில் அந்த சர்வீஸின் நிலவரப் பக்கம் திறந்திருந்தது. சர்வீஸோடு இன்னும் தொடர்பில் இருப்பதாகப் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. பத்து இருபதிலிருந்து அவர் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

"நின்னுடுச்சான்னு பாக்கத்தானே மேடம் திறந்து வெச்சிருக்கேன்!"

"மூடுங்க."

"மூடிட்டா, நின்னது எனக்கு எப்படித் தெரியும்?"

பத்து ஐம்பத்தாறு.

"நீங்க பாக்கணுமா, அது நிக்கணுமா?"

சூசைராஜ் பச்சைக் கோட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். பக்கத்தை மூடினார்.

சர்வீஸ் நின்றது; நாற்பத்தாறு ரிசல்ட்டுகளும் டிஸ்கில் ஏறின. அவர் அதைப் பார்க்கவில்லை.