பனிக்குள் பேசிய மேஸ்திரி

ஆலங்காட்டுக் குளத்தின் மேல் மார்கழி முழுக்க மூடுபனி படுத்துக் கிடக்கும். அதை விடியலில் பாய் போலச் சுருட்டிப் பாறைக் குகையில் அடுக்குவது நீர்ப்பறவைகளின் வேலை. கோடையில் ஒவ்வொரு சுருளாகப் பிரித்துவிட்டால் குளம் குளுகுளுவென்று ஆகிவிடும். வேலை செய்யும் பறவைக்குக் கூடு கட்டக் கருவேல மரத்தில் ஒரு கிளை உண்டு. வேலை போனால் கிளையும் போகும்.

வேலையில் ஒரே ஒரு கட்டுப்பாடு. சுருட்டும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் சத்தம் பனியில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது அப்படியே வெளியே வரும்.

வெள்ளாயி என்ற நத்தைகுத்தி நாரைக்கு அந்த வேலை உயிர். வெள்ளைக்குள் வெள்ளையாக மெல்ல நடப்பாள். தரை எது, தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. தூக்கத்தில் நடப்பது போல அவ்வளவு சுகமாக இருக்கும். அவள் சுருட்டிய சுருள் ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை.

நத்தைகுத்திகளுக்கு அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். மேஸ்திரி கூழைக்கடாவுக்கு அது பொறுக்கவில்லை. தன் தாடையில் ஒரு கூடையே தொங்குவது அவர் கண்ணில் படவில்லை போலும்! தினமும் அவள் பக்கத்தில் நீந்தி வந்து வம்பு செய்வார். கட்டுப்பாடெல்லாம் வேலை செய்கிறவர்களுக்குத்தானே, மேஸ்திரிக்கு ஏது!

"ஏய், ஓட்டை அலகு! உன் வாய் வழியா பனி ஒழுகுது பாரு!"

வெள்ளாயி பதில் பேச முடியாது. பேசினால் கட்டுப்பாட்டை மீறியதாகிவிடும். அழுகையை விழுங்கிக்கொண்டு சுருட்டுவாள்.

ஒருநாள் விடியலில், அவள் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி சொன்னார்: "நாளையிலிருந்து உனக்கு வேலை இல்ல. ஓட்டை அலகெல்லாம் எனக்கு வேண்டாம்! யார்கிட்டயாவது போய்ச் சொன்னே, குளத்துப் பக்கமே தலைகாட்ட முடியாது!"

அவள் கிளையில் இரண்டு முட்டைகள் இருந்தன.

தோழி சின்னியிடம் ஓடினாள். சின்னி அவளோடு பனி சுருட்டும் முக்குளிப்பான், தண்ணீரில் முங்கி எழும் சின்னப் பறவை.

"மேஸ்திரியைப் பகைச்சுக்காதீங்க அக்கா! கொஞ்சம் பொறுத்துப் போங்க."

"இத்தனை நாளும் பொறுத்துத்தான் போனேன்! இப்ப கிளை போனா என் முட்டை எங்கே போகும்?"

குளத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. உருவத்தைக் காட்டி யாரையும் இழிவு செய்யக் கூடாது, வேலையைப் பறிக்கக் கூடாது. முறையிட்டவரைப் பழிவாங்கவும் கூடாது. எல்லாருக்கும் தெரிந்த சட்டம்தான், யாரும் எடுத்துப் பயன்படுத்தியதில்லை. வெள்ளாயி நேராக, முறையீடு கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் நீர்நாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

அன்றே இளவெயிலில் கரையில் சபை கூடியது. மேஸ்திரி பழக்கதோஷத்தில் நீர்நாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உங்க மேலதான் புகார். தீர்ப்பு சொல்ற இடத்துல உங்களுக்கு என்ன வேலை? எழுந்திருங்க!" என்றது நீர்நாய்.

மேஸ்திரி எழுந்தார். "இவளை நான் மகள் மாதிரி நடத்தினேன்! ஒரு சொல் தப்பாச் சொன்னதில்ல. சாட்சி உண்டா?"

எல்லாப் பறவைகளும் தண்ணீரையே பார்த்தன. வெள்ளாயி ஓரடி முன்னால் வந்தாள். நீர்நாயைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னைக்கு நான் சுருட்டின பனியைப் பிரிங்க."

சுருளைப் பிரித்தார்கள். பனி மெல்ல எழுந்து கரையெல்லாம் பரவியது. மரங்கள் மறைந்தன. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அந்த வெண்மைக்குள்ளிருந்து மேஸ்திரியின் குரல், ஒரு சொல்கூடக் குறையாமல், மிரட்டல் வரைக்கும் கேட்டது.

அதற்குப் பின்னால் இன்னொரு சத்தமும் வந்தது. காலையில் வெள்ளாயியின் காதுக்கு எட்டாத சத்தம். ஐந்தாறு பறவைகள் அடக்கிக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு! அதில் ஒன்று, கிக்கிக்கென்று, சின்னியுடையது.

பனி கலைந்தபோது சின்னி தண்ணீருக்குள் மூழ்கப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கரையேறி வந்தாள்.

"அது என் சிரிப்புதான். மார்கழி முழுக்க இந்தப் பேச்சைக் கேட்டிருக்கேன். நானும் சாட்சி!"

"நானும்!" என்றது ஒரு கொக்கு. "நானும்!" என்றது ஒரு தாழைக்கோழி.

மேஸ்திரியின் பதவி அன்றே போனது. வெள்ளாயியின் வேலையும் கிளையும் அவளுக்கே என்று தீர்ப்பானது.

"என்னை மன்னிச்சிடுங்க அக்கா" என்றாள் சின்னி, மாலையில் கருவேல மரத்தடிக்கு நீந்தி வந்து.

வெள்ளாயி முட்டைகளின் மேல் உட்கார்ந்து சிறகை ஒழுங்கு செய்துகொண்டாள்.

"அவர் பேசினது எனக்குப் பழகிப்போச்சு சின்னி. உன் சிரிப்புதான் வலிக்குது."

வேலை செய்யும் இடத்தில் இழிவு நேர்ந்தால் முறையிடுவது ஒருவரின் உரிமை. அவர் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வது உடன் வேலை செய்பவர்களின் கடமை.