பில் ஓடும்போது காபி

ஈரோட்டில் ஒரு போர்வைக் கம்பெனி. அதன் மேனேஜர் தண்டபாணிக்குத் தெரியாத விஷயமே கிடையாது, அவரையே கேட்டால்.

புதிதாகச் சேர்ந்த அமலோற்பவம், கம்ப்யூட்டர் தானாகவே பில் டைப் அடிக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், எழுதிக் கொடுத்தாள். அவள் ஓட்டினால் ஒழுங்காக ஓடியது. மேனேஜர் ஓட்டினால் பாதி பில் எங்கேயோ போய்த் தொலைந்தது. ஏனென்று ஒருவருக்கும் புரியவில்லை. நேற்று "டபுள் போர்வை ஐம்பது" என்று மேனேஜரின் சம்பந்திக்கு வாட்ஸ்அப் போய்விட்டது. அந்த மனுஷனும் குழம்பிப் போனார்.

"முதலாளி வர்றதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நாளைக்கு வராதே," என்றார் மேனேஜர்.

அமலோற்பவம் அவர் பின்னால் சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு காபி போடப் போனாள்.

முதலாளி வந்ததும் மேனேஜர் ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டார். உடனே அவள் அவருடைய இரண்டு கையிலும் டம்ளரைக் கொடுத்தாள். "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு முதலாளிக்கு. பில் முடியற வரைக்கும் பிடிச்சுக்குங்க சார்."

ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

முதலாளி விழித்தார். "காபி குடுத்தா கம்ப்யூட்டர் சரியாயிடுமா?"

"இல்லைங்க. எந்த விண்டோ முன்னால இருக்கோ, அதுலதான் அது டைப் அடிக்கும். சார் நடுவுல வாட்ஸ்அப்பைத் திறந்துடறாரு. பில் விண்டோ முன்னால வர்ற வரைக்கும் காத்திருன்னு ஒரு வரி சேர்த்தாப் போதும். சேர்க்கட்டுமா, இல்லே தினமும் காபி போடட்டுமா?"

"வரியைச் சேர்த்துட்டு நாளைக்கு வாம்மா," என்று சொல்லி முதலாளி தன் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

மேனேஜரின் ஒரு கை காலியானது. அது நேராக மவுஸுக்குப் போனது.