ஓலையில் விட்டுப்போன மீசை

கொன்றை நாட்டில் அந்த வருஷம் கறையானுக்குக் கொண்டாட்டம். அரண்மனை ஓலைச்சாவடியில் குடிகளின் கணக்கு இருந்த ஒரு சுவர்ப் பக்கத்தையே தின்று ஏப்பம் விட்டது. “வீடு வீடாகப் போய்ப் புதிதாக எழுதி வாருங்கள்” என்றான் மன்னன் மாறவேள். வண்டி வண்டியாகப் புது ஓலை வந்து இறங்கியது.

அடுத்த தலைவலி ஆரம்பம். கறையான் விட்டுவைத்த பழைய ஓலைகளோடு இதை எப்படிச் சேர்ப்பது?

தலைமைக் கணக்கர் ஏகாம்பரனார் ஒரு விதி செய்துகொண்டு வந்தார். பேர், தகப்பன் பேர், ஊர் மூன்றும் பொருந்தினால் அது ஒரே ஆள். புது ஓலையில் இருப்பதைப் பழைய ஓலையில் ஏற்ற வேண்டும். புது ஓலையில் இல்லாததைப் பழையதிலிருந்து அடித்துவிட வேண்டும். ஓலையில் அடிபட்டது நாட்டிலும் இருக்கக் கூடாது.

மன்னன் அப்போதுதான் பலாப்பழப் பாயசத்தை ஒரு கை பார்த்திருந்தான். கண் சொக்கியது. “அரசன் முதல் ஆண்டி வரை எல்லோருக்கும் இதே விதி!” என்று கம்பீரமாக ஒரு வரியைத் தன் பங்குக்குச் சேர்த்து முத்திரையைக் குத்திவிட்டான். அந்த வரி அவனுக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கொஞ்ச நாளில் சிவந்தி என்கிற பெண் சபைக்குள் புகுந்தாள். பின்னால் உப்பு படிந்த காலோடு ஒரு ஆள்.

“மகாராசா! எங்க வீட்டுல எருமை இருக்காம், புருசன் இல்லையாம். இது என்ன நியாயம்?”

மன்னனுக்குச் சிரிப்பு வந்தது. “யார் சொன்னது?”

“உங்க ஓலை! ‘வீட்டுல யார் யார் இருக்கீங்க’ன்னு கேட்டாங்க. இவரு உப்பு வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தாரு. நானும் எருமையும்தான் இருந்தோம். இருந்ததைச் சொன்னேன். இப்ப இவரை வீட்டுக்குள்ள விட மாட்டேங்கிறாங்க. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நாட்டை விட்டே போகணுமாம்!”

ஏகாம்பரனார் எழுந்தார். “விதிப்படிதான், அரசே. பழைய ஓலையில் காத்தான் என்று ஒரு கணவன் இருந்தான். புதியதில் இல்லை. அடித்துவிட்டோம்.”

“சாமி, நான்தான் கண்ணெதிரே நிக்கிறேனே!” என்றான் காத்தான்.

“நிற்கலாம். ஓலையில் இல்லையே.”

மன்னனுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் குத்திய முத்திரையைத் தானே எடுத்தால் நாளைக்கு எவன் மதிப்பான்? மீசையை முறுக்கிக்கொண்டே, “விதி விதிதான்” என்று முனகினான்.

சபை ஓரத்தில் பூவணன் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தான். மந்திரி, தளபதி என்று அவனுக்கு ஒரு பட்டமும் கிடையாது. வாயை வைத்துப் பிழைக்கிறவன் என்பார் ஏகாம்பரனார். அன்று அவன் எழுந்து ஓலைச்சாவடிப் பக்கம் நடந்தான்.

மறுநாள் காலை மன்னன் கண் விழித்தபோது கட்டிலருகே அரண்மனை நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூவணன். கூடவே, என்ன ஏது என்று புரியாமல் ஏகாம்பரனார்.

“என்னய்யா இது?”

“மீசையை எடுக்க வந்திருக்கிறோம், அரசே.”

“யார் மீசையை?”

“இந்த அறையில் மீசை ஒன்றுதானே இருக்கிறது.”

மன்னன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். “யார் உத்தரவு?”

“தங்கள் முத்திரைதான். முடிசூட்டிய அன்று எழுதிய பழைய ஓலையில் ‘முறுக்கு மீசை, வலக்கன்னத்தில் மச்சம், முத்துப் போன்ற பல்வரிசை’ என்று இருக்கிறது. கணக்கர் தம் கையாலேயே எழுதிய புது ஓலையில் கிரீடம், சிம்மாசனம், யானை, குதிரை எல்லாம் இருக்கின்றன. மீசை இல்லை. அரசன் முதல் ஆண்டி வரை ஒரே விதி. நாவிதரே, தண்ணீர் தடவுங்கள்.”

நாவிதர் தடவியே விட்டார். மீசை நனைந்த எலிவால் மாதிரி தொங்கியது.

“பொறுங்கள், பொறுங்கள்!”

“பொறுக்க நேரமில்லை, அரசே. மச்சத்துக்குச் சூட்டுக்கோல் காய்கிறது. பல்லுக்காகக் கொல்லர் குறடோடு வாசலில் நிற்கிறார்.”

“அட, ஓலையில் இல்லாவிட்டால் என்னய்யா? கண்ணெதிரே இருக்கிறதே!” என்று மன்னன் கத்தினான்.

பூவணன் கைகட்டிக் குனிந்தான். “நேற்றுக் காத்தானும் இதையேதான் சொன்னான், அரசே.”

ஏகாம்பரனார் தரையைப் பார்த்தார். மன்னனின் மீசையிலிருந்து ஒரு சொட்டு நீர் மடியில் விழுந்தது. தன் முகத்துக்கு நேர்ந்தால்தான் தனக்குப் புரிகிறது என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“சரி. எப்படி மாற்றுவது, சொல்.”

“புது ஓலையில் எழுதியதை ஏற்றட்டும். எழுதாமல் விட்ட இடத்தில் பழையதைத் தொடக் கூடாது. சந்தேகம் வந்தால் வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும். எழுதாததெல்லாம் இல்லாததாகிவிடுமா?”

மன்னன் உடனே முத்திரை குத்தினான். இந்த முறை சாப்பாட்டுக்கு முன்னாலேயே. கையிலிருந்த பொன் கடகத்தைக் கழற்றிப் பூவணனிடம் நீட்டினான்.

“இதை ஓலையில் ஏற்றச் சொல்லுங்கள், அரசே. இல்லாவிட்டால் அடுத்த கணக்கில் என் கையோடு போய்விடும்” என்று சொல்லி வாங்கிக்கொண்டான் பூவணன்.

காத்தானைத் திரும்ப எழுத ஏகாம்பரனாரே வெயிலில் நடந்து போனார். மாலையில் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

“எழுதியாயிற்றா, கணக்கரே?”

“ஆயிற்று, அரசே. ஆனால்...” அவர் தொண்டையைக் கனைத்தார். “ஓலையில் இடம் குறைவு. கணவன் பேரை எருமைக்கு மேலே எழுதவா, கீழே எழுதவா என்று அந்த அம்மாளிடம் கேட்டேன்.”

“என்ன சொன்னாள்?”

“‘கீழேயே எழுதுங்க சாமி. கணக்கெடுக்க வந்த அன்னிக்கு வீட்டுல இருந்தது எருமைதானே!’ என்றாள்.”

மன்னன் சிரித்த சிரிப்பில், போக இருந்த மீசை இரண்டு பக்கமும் துள்ளிக் குதித்தது.