சாருக்கு இது போதும்

“டீச்சர், நான் எழுதுனதுல பொய் ஒரு சொல் கிடையாது. அப்புறம் ஏன் எனக்கு வெட்கமா இருக்கு?”

மாசிலாமணி இப்படிக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்ற மறந்திருந்தார். பாதியில் நினைவு வந்து, வாசலுக்குத் திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

டீச்சர் என்று அவர் கூப்பிட்ட ஜெசிந்தாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். தூத்துக்குடியில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, புதிதாக வருகிற லேப்டாப்புகளைச் சோதித்துப் பார்த்து, நிறை குறை எழுதி இணையத்தில் போடுகிறவள்.

மாசிலாமணியோ எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்த் தராசுக்கெல்லாம் முத்திரை குத்திய கை, வீட்டில் சும்மா கிடக்க மறுத்தது. அவளிடம் வந்து இந்தப் புது எடைபோடலைக் கற்றுக்கொண்டார். குருவுக்கு வயதா பார்ப்பார்கள்?

“என்ன எழுதுனீய, சொல்லுங்க” என்றாள் ஜெசிந்தா.

தன் எழுத்து அவருக்கு மனப்பாடம்.

“பேட்டரி நன்றாக நிற்கும். தூக்க லேசு. விலை கைக்கு அடக்கம். திரை கொஞ்சம் மங்கல். கேமரா சுமார். மூடித் திறக்கிற கீல் நாளடைவில் தளரலாம்.”

“கடைசி வரி?”

“வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பெண்களுக்கு இது போதும்.”

“நியாயமாத்தான எழுதியிருக்கீய.”

“அதத்தான் நானும் சொல்லுதேன்.” அவர் குரல் இறங்கியது. “என் தங்கச்சி செண்பகம் அதை நம்பி, அதையே வாங்கிட்டா.”

செண்பகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். கணவன் தவறிப்போன பிறகு அந்த வகுப்புதான் அவள் வீட்டில் அடுப்பெரிக்கிறது.

நேற்று மாசிலாமணி சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்குப் போயிருந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாங்கிய ஆறு மாதத்திலேயே கீல் தளர்ந்துபோன திரையைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். கேமராவில் முகம் தெரிய வேண்டுமே என்று ஜன்னலோரம் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வாயை அகலத் திறந்து, நாக்கை மடித்து, ‘ழ’ சொல்லிக் காட்டினாள். திரும்பவும் காட்டினாள்.

“மிஸ், உங்க வாயே தெரியல” என்றது ஒரு பிள்ளை. “அம்மா என்னை வேற மிஸ்கிட்ட சேக்கப் போறாங்களாம்.”

செண்பகம் சிரித்துச் சமாளித்தாள். திரும்பினால் வாசலில் அண்ணன்.

“நெட்டு சரியில்லண்ணே” என்றாள் அவசரமாக. “மத்தபடி கம்ப்யூட்டர் தங்கம்.”

மாசிலாமணிக்கு முகம் சுண்டிவிட்டது. காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். தெருவில் யாரோ வணக்கம் சொன்னதற்குத் தலை நிமிரவில்லை. அவர் எழுதிய ‘சுமார்’ என்ற சொல் வழியெல்லாம் கூடவே வந்தது.

“அவ எனக்காகப் பொய் சொன்னா, டீச்சர். நான் எழுதுனது உண்மை. ஆனா கூசிப் போய் நிக்கது நானு. தப்பு எங்க இருக்கு?”

ஜெசிந்தா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“அந்த நிறை குறைய எந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்து எழுதுனீய?”

“எதுலன்னா... என்னோடதுலதான்.”

அவருடையது மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பியது. நடு வெயிலில் வைத்தாலும் எழுத்து பளிச்சென்று தெரியும்.

“சோதிக்க வந்தது பக்கத்துலதான இருந்துச்சு?”

“இருந்துச்சு. ஆனா அதுல அடிச்சா கண்ணு வலிக்கும். அதான்...”



அவள் தப்பென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை.

“சாப்பாட்டு நேரமாச்சு சார். கை கழுவிட்டு வாங்க.”

உள்ளே சாளை மீன் குழம்பு மணத்துக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து மாசிலாமணிக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. இந்த மணத்துக்கு வயிறு மானத்தை விட்டுக் கூவியது.

ஜெசிந்தா இரண்டு தட்டு வைத்தாள். தன் தட்டில் சோற்றைக் குவித்து, நாலைந்து மீனை அள்ளிப் போட்டுக் குழம்பை நிறைய ஊற்றிக்கொண்டாள். அவர் தட்டில் ஒரே ஒரு கரண்டிச் சோறு. அதன் தலையில் கொஞ்சம் குழம்பு. மீன் இல்லை.

“சாருக்கு இது போதும்” என்றாள்.

சட்டிகளை மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். அவளோ முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவருடைய சோறு நாலு வாயில் தீர்ந்தது. தட்டை வழித்தார். வழித்த இடத்தையே இன்னொரு தரம் வழித்தார்.

எத்தனையோ கல்யாண வீட்டில் அவர் சாப்பிட்டிருக்கிறார். பரிமாறுகிறவன் இன்னும் கொஞ்சம் என்பான். சாப்பிடுகிறவர் இலையைக் கையால் மறித்துப் போதும் என்பார். அப்போதும் விடாமல் இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்பதுதான் மரியாதை. பரிமாறுகிற ஆளே போதும் என்று சொல்லிச் சட்டியை மூடி அவர் பார்த்ததில்லை.

கேட்கலாம். ஆனால் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து, கொடுத்தது காணாது என்று எப்படிக் கேட்பது?

கை காய்ந்துகொண்டிருந்தது.

ஜெசிந்தா நிமிர்ந்தாள். “ஏன் சார், பத்தலையா?”

“இல்ல டீச்சர்” என்றார் மாசிலாமணி அவசரமாக. “வயிறு நிறைஞ்சிட்டு. குழம்பு தங்கம்.”

சொன்ன மறுகணம், அந்தக் குரலை நேற்று எங்கே கேட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

காது மடல் வரைக்கும் சூடேறியது. தட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

இடது கையால் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்கண்ணே.”

“செண்பகம், அந்தக் கம்ப்யூட்டர் உனக்குப் போதுமா?”

“போதும்ண்ணே. அதுக்கு என்ன குறை?”

எதிரே ஜெசிந்தா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

“இன்னொரு மட்டம் கேக்கேன் தாயி. போதுமா?”

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. மாசிலாமணி காத்திருந்தார்.

“பத்தலண்ணே” என்றாள் செண்பகம். “நீங்க போதும்னு எழுதிட்டீய. நான் எப்படிண்ணே சொல்லுவேன்?”