நாவலடிக் குளமும் முள்ளம்பன்றித் தலைவரும்

நாவலடிக் குளத்து விலங்குகளுக்கு ஒரு மன்றம் இருந்தது. அதற்கு ஈட்டியப்பன் என்னும் முள்ளம்பன்றிதான் தலைவர். வீரத்தைப் பார்த்து அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. முள் இருப்பவரிடம் யாரும் வம்புக்குப் போகமாட்டார்கள் என்றுதான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஈட்டியப்பனோ சருகு அசைந்தாலே திடுக்கிடும் பயந்த சுபாவம்!

அந்த வருஷம் மழை பெய்தும் குளம் நிறையவில்லை. கோடை வந்ததும் தண்ணீர் கரையை விட்டு இறங்கி நடுக்குளத்துக்குப் போய்விட்டது.

ஒருநாள் காலை ஆள்காட்டிக் குருவி கிறீச்சி கத்திக்கொண்டே பறந்து வந்தாள்.

"தலைவரே! காரணம் தெரிந்துவிட்டது! ஆற்றிலிருந்து நம் குளத்துக்கு வரும் வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கிறது! காட்டுப்பன்றி மொத்தையனின் கூட்டம் அதில் புரண்டு புரண்டு மண்ணைக் குவித்து வைத்திருக்கிறது!"

மொத்தையன் பெயரைக் கேட்டதும் ஈட்டியப்பன் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"வாய்க்காலா? அது... அது பெரிய விஷயம், கிறீச்சி. நாம் முடிவெடுக்கக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் சிங்க ராஜா இருக்கிறார். அவர் உத்தரவு வரட்டும்!"

"அதுவரை தண்ணீர் காத்திருக்குமா?"

"முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா!" என்றார் ஈட்டியப்பன். காகம் மையனைத் தூது அனுப்பினார். பெரிய வேலை ஒன்றை முடித்துவிட்டதுபோல அவருக்கு நிம்மதியாக இருந்தது.

மையன் போனவன் போனவன்தான். வெயில் ஏறியது. குளம் குட்டையானது. மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று புரண்டன.

ஒரு மத்தியானம் மான்குட்டி ஒன்று தாகம் தாங்காமல் நடுக்குளத்துக்கு ஓடியது. பாதி வழியில் சேறு அதன் கால்களைப் பிடித்துக்கொண்டது. அசைய அசைய உள்ளே போனது.

"ஐயோ, என் பிள்ளை!" என்று தாய்மான் கதறியது.

எல்லாரும் ஓடினார்கள். கொடியை வீசினார்கள். அதைக் குட்டி வாயில் கவ்விக்கொள்ள, ஒன்றாகச் சேர்ந்து இழுத்தார்கள். கடைசியில் குட்டி கரைக்கு வந்து விழுந்தது. உயிர் இருந்தது. ஆனால் நிற்கத் தெம்பில்லை.

தாய்மான் ஈட்டியப்பனைப் பார்த்தது. திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே மையன் திரும்பினான்.

"ராஜா என்ன சொன்னார்?" என்று ஈட்டியப்பன் ஆவலாய் எதிரே ஓடினார்.

மையன் தலையைக் குனிந்துகொண்டான். "நாவலடிக் குளமா, அது எங்கே இருக்கிறது என்று கேட்டார்."

"அப்புறம்?"

"இடத்தைச் சொன்னேன். அங்கே மன்றம் இல்லையா, தலைவர் இல்லையா என்றார். இருக்கிறார் என்றேன்."

"அதற்கு?"

"அப்படியானால் உள்ளூர்த் தண்ணீரைக் காக்க அவருக்குத்தானே அதிகாரம், என்னிடம் ஏன் வந்தாய் என்று கேட்டார், தலைவரே!"

ஈட்டியப்பன் நடந்து போய்த் தன் வளைவாசலில் உட்கார்ந்தார். அதிகாரம் இத்தனை நாளும் தன்னிடம்தான் இருந்திருக்கிறது! அதை மலைக்கு அப்பால் தேடச் சொல்லி ஒரு காகத்தை அனுப்பியிருக்கிறோமே! வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

கிறீச்சி அருகே வந்து இறங்கினாள்.

"திட்ட வந்தாயா?" என்று கேட்டார்.

"திட்ட நேரமில்லை. மேற்கே மேகம் கட்டுகிறது. மழைக்கு முன்னால் வாய்க்காலைத் திறந்தால் போதும், இந்த வருஷம் பிழைத்துக்கொள்வோம். நீங்கள் முன்னால் நடங்கள். நாங்கள் அத்தனை பேரும் பின்னால் வருகிறோம்!"

"மொத்தையன் முட்டினால்?"

"உங்களை முட்டினால் வலி யாருக்கு?"

ஈட்டியப்பன் சிரித்துவிட்டார். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

விடிந்ததும் மன்றம் முழுவதும் வாய்க்காலுக்குப் போனது. மொத்தையன் மண்மேட்டில் ஏறி நின்று உறுமினான்.

"என் இடத்தில் கால் வைக்க யாருக்குத் துணிச்சல்?"

ஈட்டியப்பனுக்கு உடம்பு நடுங்கியது. முட்கள் ஒன்றோடொன்று உரசிச் சடசடத்தன. கோபத்தில் சிலிர்க்கிறார் என்று நினைத்து மொத்தையன் ஓரடி பின்வாங்கினான். அதைக் கண்டதும் ஈட்டியப்பனுக்கு மூச்சு சீரானது.

"சண்டைக்கு வரவில்லை, மொத்தையா. உனக்கு என்ன வேண்டும், சொல்!"

"சேறு வேண்டும்! வெயிலில் என் பிள்ளைகளுக்குத் தோல் வெடிக்கிறது!"

"இங்கே சேறு இருக்கிறதா?"

மொத்தையன் குனிந்து பார்த்தான். புரண்ட இடமெல்லாம் ஓடு ஓடாய்க் காய்ந்து கிடந்தது.

"குளம் நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் கலிங்கல் வழியாக வெளியேறும். அதன் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் உள்ளவரை அதில் ஈரம் காயாது. அந்தப் பள்ளத்தை மன்றம் உன் கூட்டத்துக்கே கொடுக்கிறது. ஆனால் வாய்க்காலில் இனி யாரும் புரளக் கூடாது. நீயும்தான், நானும்தான்!"

"சொல்லிவிட்டு மாற மாட்டாயே?"

"இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். இன்னொன்று, இந்த மண்ணை எடுக்க எங்களால் ஆகாது. மண் கிளறுவதில் உங்களை மிஞ்ச இந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள்?"

மொத்தையன் மூக்கைச் சொறிந்தான். "இதை முன்பே கேட்டிருந்தால் செய்திருப்பேனே! இதுவரை யாரும் என்னிடம் வந்து கேட்கவே இல்லையே!"

பன்றிகள் மூக்கால் உழுதன. முயல்கள் மண்ணைப் பின்னுக்குத் தள்ளின. குரங்குகள் அதை அள்ளிக் கரையில் அப்பின. ஈட்டியப்பனும் முன்னங்கால் தேயத் தேயத் தோண்டினார். முள் குத்துகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் விலகி நின்று வேலை செய்தார்கள்!

கடைசி மண்ணைத் தள்ளி முடிப்பதற்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஆற்றில் செந்நீர் பொங்கி வாய்க்காலுக்குள் திரும்பியது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு அது வருவதை ஈட்டியப்பன் நனைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருகிறது! வருகிறது!" என்று கத்தியவர், வழியை விட்டு விலக மறந்துபோனார். தண்ணீர் அவரை உருட்டிக் குளத்தில் தள்ளியது. ஆமை ஒன்று அவரைக் கரையேற்ற வேண்டியதாயிற்று!

மழை விட்டபோது குளம் நிறைந்து கலிங்கல் வழிந்தது. கீழே பள்ளத்தில் பன்றிக்குட்டிகள் கும்மாளம் போட்டன.

மறுநாளே ஈட்டியப்பன் மன்றத்தைக் கூட்டினார். "ஒரு மழையில் நிறைந்துவிட்டது என்று தூங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன் எல்லாரும் சேர்ந்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும். வாய்க்காலுக்கு மொத்தையன் காவல். கரை உடைந்தாலும் அடைப்பு விழுந்தாலும் என்னிடம் சொல்லுங்கள். கேட்ட அன்றே நான் அங்கே நிற்பேன்!"

"யார் உத்தரவில்?" என்று குறும்பாய்க் கேட்டாள் கிறீச்சி.

"இந்த மன்றத்தின் உத்தரவில்!" என்றார் ஈட்டியப்பன். அவர் குரலில் நடுக்கமே இல்லை.

மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கும் ஊரில் குளம் வற்றும். தன் தண்ணீரைத் தானே காக்கத் துணியும் ஊர்மன்றம், எல்லாரையும் கூட்டிச் சேர்த்தால், அந்த ஊரின் குளம் நிறையும்.