பிரிக்கக் கூடாத மீன்கள்

கதையின் முடிவில் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவசரமில்லை, முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கொளத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் சற்குணம் என்பவர் தனியாக இருந்தார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. மனைவி புஷ்கலா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் வளர்த்த இரண்டு தங்கமீன்கள், ஒன்று ஆரஞ்சு, ஒன்று வெள்ளை, கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இருந்தன. மருத்துவமனையில் கிடந்தபோது புஷ்கலா அவரிடம் கேட்டது ஒன்றுதான். "அந்த ரெண்டையும் பிரிச்சிடாதீங்க." மாட்டேன் என்றார். மறுநாள் மதியம் அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் அவள் போய்விட்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு என்று இருந்தால் அது மீன்களோடுதான். காலையில் தீனி போட்டபடி அன்றைய செய்தித்தாளை அவற்றுக்கு வாசித்துக் காட்டுவார். வீட்டு வேலைக்கு வரும் தெய்வானை பெருக்கிக்கொண்டே கேட்டிருப்பாள்.

ஒரு மார்கழியில் ஆரஞ்சு மீன் தீனியை வாயில் வாங்கி வாங்கித் துப்பியது. உதட்டோரம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் இருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று சற்குணம் தொட்டியில் வெந்நீர் கலந்தார். இரண்டே நாளில் பஞ்சு வாய் முழுக்கப் பரவி, கீழுதடு அரித்துப்போக ஆரம்பித்தது.

தெருமுனையில் வண்ணமீன் கடை வைத்திருந்த ஷகிலா பானு, அவர் கைபேசியில் காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது பூஞ்சை இல்ல சார், பாக்டீரியா. சூடு பட்டா இன்னும் வேகமா பரவும், வெந்நீர் ஊத்தாதீங்க. நோய் வந்ததைத் தனி டப்ல விட்டு, ஏர் பம்ப் போட்டு, இந்த மருந்தைக் கலங்க. தினமும் பாதித் தண்ணி மாத்தணும். பத்து நாள் ஆகும். தொட்டியில இருக்கறதுக்கும் மருந்து ஊத்துங்க, அதுக்கும் ஒட்டியிருக்கலாம்."

"சேர்த்து வெச்சே ஊத்தினா?"

"நோய் முத்திடுச்சு சார். அது பக்கத்துல இன்னொண்ணை விட்டா ரெண்டுமே போயிடும்."

மருந்தோடு வந்தார். பிரிக்க மட்டும் மனம் வரவில்லை. விஷயம் தெரிந்த தெய்வானை இரண்டு முறை ஆரஞ்சு மீனை வாளிக்கு மாற்றினாள். இரண்டு முறையும் மறுநாள் காலையில் அது தொட்டிக்குள்ளேயே கிடந்தது.

"வாக்குக் குடுத்திருக்கேன் தெய்வானை. நீ அதைத் தொடாதே" என்றார்.

அதற்குள் வெள்ளை மீனும் மூலையில் ஒதுங்கி நிற்க ஆரம்பித்திருந்தது. மூன்றாம் நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் தெய்வானை ஆரஞ்சு மீனைத் தண்ணீரோடு ஒரு தூக்குவாளியில் விட்டு, வெளியே மாடிப்படி ஓரம் வைத்துவிட்டு வந்தாள். அவர் வந்து கேட்டதும், "செத்துடுச்சு சார். நீங்க பாக்க வேணாம்னு எடுத்துப் போட்டுட்டேன்" என்றாள்.

துண்டைத் தோளில் போட்டபடி அவர் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். பிறகு, "இதுக்கும் நான் பக்கத்துல இல்ல" என்றார்.

தெய்வானை இதை எதிர்பார்க்கவில்லை. உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தூக்கில் இருந்த மீன் மாலைவரை தாங்குமா என்பதே சந்தேகம். இப்போது சொல்லி, பிறகு அது செத்துப்போனால் அவருக்கு இரண்டாம் முறை இழவு. சொல்லாமலே வேலையை முடித்து, தூக்கை எடுத்துக்கொண்டு ஷகிலாவின் கடைக்குப் போனாள்.

நடந்ததைக் கேட்ட ஷகிலா டப்பும் பம்பும் மருந்தும் கொடுத்தாள். "சார்கிட்ட நான் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா மனசு கேக்கல" என்றாள்.

தெய்வானை தன் ஒற்றை அறை வீட்டில், வெயில் படாத இடத்தில் டப்பை வைத்து, சொன்னபடியே மருந்து கலந்து, தண்ணீர் மாற்றினாள். சற்குணம் தொட்டியில் மருந்து ஊற்றினார். வெள்ளை மீன் மூன்று நாள் தீனியைத் தொடவில்லை, நாலாம் நாள் தின்றது. அவர் செய்தித்தாளைப் பிரிக்கவே இல்லை. காலையில் அந்த வீட்டில் விளக்குமாற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. தட்டில் போட்ட இட்லி பாதி அப்படியே திரும்பியது.

ஏழாம் நாள் ஆரஞ்சு மீன் ஒரு தீனியை விழுங்கியது. அன்றே சொல்லலாமா என்று தெய்வானை நினைத்தாள். சொன்னால் உடனே கொண்டுவா என்பார், மறுபடி ஒன்றாக விடுவார். இன்னும் மூன்று நாள்தானே என்று விட்டுவிட்டாள்.

பதினோராம் நாள் தூக்கைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சற்குணம் குனிந்து பார்த்தார். கீழுதட்டில் சிறு வடு, அவ்வளவுதான்.

"பத்து நாளும் உயிரோட இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"தினமும் உன் கண்ணு முன்னாடிதானே உக்காந்திருந்தேன்."

அவர் மீனைத் தொட்டியில் விட்டார். வெள்ளை மீன் அதன் அருகே வந்து நின்றது. திரும்பாமலே, "நாளையிலேர்ந்து வராதே" என்றார்.

கொடுத்த வாக்கை மீறாத சற்குணமா, பொய் சொல்லி உயிரைக் காத்த தெய்வானையா, எல்லாம் தெரிந்தும் பேசாதிருந்த ஷகிலாவா? இதில் யார் செய்தது சரி?

விடை: முழுக்கச் சரி என்று ஒருவரையும் சொல்ல முடியாது. இரண்டும் நன்றாக இருக்கட்டும் என்றுதான் புஷ்கலா அப்படிக் கேட்டாள். சற்குணம் அவள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அதன் நோக்கத்தைக் கைவிட்டார். மனசு கேட்காத ஷகிலா, அவரைப் போய் ஒருமுறை பார்த்திருக்கலாம். தெய்வானை மீனை எடுத்துப்போனது சரி, செத்துவிட்டது என்றது தவறு. ஏழாம் நாளுக்குப் பிறகும் மறைத்தது அதைவிடத் தவறு. "குணமாகாம தர மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார். சண்டை போடவாவது அந்தப் பத்து நாளும் அவருக்கு ஓர் ஆள் இருந்திருக்கும். ஐந்து நாள் கழித்துச் சற்குணம் வழி விசாரித்துக்கொண்டு தெய்வானை வீட்டு வாசலில் வந்து நின்றார். "கோபம் இன்னும் போகல" என்றார். பிறகு, "தொட்டித் தண்ணி மாத்தணும். தனியா செய்ய முடியல, வர்றியா?" என்று கேட்டார். தெய்வானை செருப்பை மாட்டிக்கொண்டாள்.